பல் பிடுங்கப் போன புதன்கிழமை

அந்தப் புதன்கிழமைக்காக நான் தேர்ந்தெடுத்தது கீழ்வரிசைக் கடைவாய்ப் பல். வலப்பக்கம். யோசித்துத்தான் தேர்ந்தெடுத்தேன். காய்ச்சல் என்றால் இரண்டு நாள் முன்னதாகவே சோர்ந்து காட்ட வேண்டும். வயிற்றுப்போக்கு என்றால் மறுநாள் அக்கறையாக விவரம் கேட்பார்கள். உறவினர் யாரையாவது சாகடிக்கலாம் என்றால், எனக்கு உறவினர்கள் குறைவு; அவர்களில் பாதிப் பேர் அலுவலகத்துக்கு வந்து போகிறவர்கள். பல் ஒன்றுதான் யாருக்கும் தெரியாமல் வலித்து, ஒரே நாளில் பிடுங்கப்பட்டு, மறக்கப்படக் கூடியது.

எண்பதுகளின் தொடக்கம். பினாங்குத் தீவையும் பெருநிலத்தையும் இணைக்கும் பாலத்துக்காகக் கடலில் தூண் நட்டுக்கொண்டிருந்தார்கள். நான் ஜார்ஜ் டவுனில், பிஷப் ஸ்ட்ரீட்டில், ஒரு காகிதக் கடையின் மாடியில் இருந்த வக்கீல் அலுவலகத்தில் குமாஸ்தா; எங்கள் ஊர்ப் பேச்சில் கிராணி. வயது முப்பத்திரண்டு. வேலையில் இருந்துகொண்டே இன்னொரு வேலைக்கு விண்ணப்பம் போட்டிருந்தேன். பெருநிலப் பக்கம் நிபோங் திபாலில் ஓர் எண்ணெய்ப்பனை ஆலையில் பெரிய கிராணி வேலை.

காரணம் என் மனைவி. அவள் நிபோங் திபாலுக்கு வெளியே ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியை. பள்ளி கொடுத்த வீட்டில் அவள். தீவில் ஒரு வாடகை அறையில் நான். சனிக்கிழமை மதியம் ஃபெரி பிடித்து, பட்டர்வொர்த்தில் பஸ் பிடித்து, கடைசி மூன்று மைலுக்கு யாருடைய மோட்டார் சைக்கிளிலாவது தொற்றிக்கொண்டு போய்ச் சேருவேன். ஞாயிறு மாலை அதையே பின்னாலிருந்து முன்னால் செய்ய வேண்டும். கல்யாணமாகி இரண்டு வருஷமாக இப்படித்தான். அவளுக்கு அப்போது நாலு மாதம்.

"புள்ள பொறந்தா உங்கள யாருன்னு சொல்றது?" என்று கேட்டாள். "சனிக்கிழம வர்ற மாமான்னு சொல்லட்டுமா?"

"அப்பான்னே சொல்லேன். நம்பினா நம்பட்டும்."

"சிரிக்காதீங்க. அந்த மில்லுல ஆள் எடுக்கறாங்களாம். குவார்ட்டர்ஸும் குடுக்கறாங்க. எழுதிப் போடுங்க."

எழுதிப் போட்டேன். நேர்முகத்துக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்தது. புதன்கிழமை, காலை பத்தரை.

வேறொரு கிராணியாக இருந்தால் இதில் ஒரு சிக்கலும் இல்லை. பல் வலி, ஒரு நாள் விடுப்பு, முடிந்தது. என் சிக்கல் என்னவென்றால் என் முதலாளிக்குக் கண் தெரியாது. அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

அவர் யாழ்ப்பாணத்துக் குடும்பம். தாத்தா ரயில்வேயில் கிராணி, அப்பா அரசாங்கக் கஜானாவில் பெரிய கிராணி, இவர் லண்டனில் படித்துவிட்டு வந்த வக்கீல். அறுபத்து மூன்று வயது. மனைவி இறந்துவிட்டார், ஒரே மகன் ஆஸ்திரேலியாவில். என்னை 'நீர்' என்பார். அவர் வீட்டுத் தமிழில் அது 'நீ'யும் இல்லாத 'நீங்க'ளும் இல்லாத ஒரு நடுத்தர மரியாதை. என் சம்பளத்துக்குப் பொருத்தமாகத்தான் இருந்தது.

மூன்று வருஷங்களுக்கு முன் ஒரு காலை, "என்ர கண்ணாடி கடையில கிடக்கு. அந்தக் கடிதத்தை ஒருக்கா வாசியும்" என்றார். வாசித்தேன். மறுநாளும் கண்ணாடி கடையில் கிடந்தது. மூன்று மாதம் கிடந்தது. கண்ணாடிக் கடைக்காரன் மேல் எனக்கே கோபம் வந்து, நான் போய்ச் சத்தம் போட்டுவிட்டு வரட்டுமா என்று கேட்டேன். அவர் கையிலிருந்த பேனாவை மேஜையில் வைத்தார். பிறகு, "கதவைச் சாத்தும்" என்றார்.

சர்க்கரை நோய் கண்ணுக்குள் போயிருந்தது. வெளிச்சம் தெரியும், எதிரில் ஆள் நிற்பது தெரியும், பழகிய இடத்தில் தானே நடப்பார். எழுத்து மட்டும் அடியோடு போய்விட்டது. கண் தெரியாத வக்கீல் கோர்ட்டில் நிற்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை என்பதையும் அவர்தான் எனக்குச் சொன்னார்.

"சட்டம் என்னை ஒண்டும் செய்யாது. ஆனா தன்ர காணிப் பத்திரத்தைக் கொண்டு வந்து ஒரு குருடன்ர கையில குடுக்கிற ஆளை நீர் எனக்கு ஒருக்காக் காட்டும்."

காட்ட முடியவில்லை. நானே கொடுத்திருக்க மாட்டேன்.

அன்றிலிருந்து எங்களுக்குள் ஒரு முறை உருவாயிற்று. அலுவலகம் ஒன்பதுக்குத் திறக்கும். நான் ஏழரைக்குப் போய்விடுவேன். கதவைச் சாத்திக்கொண்டு அன்றைய கோப்புகளை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாசிப்பேன். சும்மா வாசித்தால் போதாது. காற்புள்ளி, முற்றுப்புள்ளி, புதுப் பத்தி, 'இங்கே பக்கம் முடிகிறது' என்று எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அவர் கண்ணை மூடிக் கேட்பார். ஒரு தடவை கேட்டால் போதும். கோர்ட்டில் எழுந்து நின்று, தாளை உயர்த்திப் பிடித்து, மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, ஒரு சொல் பிசகாமல் வாசிப்பார். எந்தத் தாள் எது என்று தெரிவதற்கு மூலையில் ஸ்டேப்ளர் ஊசி அடித்து வைப்பேன். வழக்கு மனுவுக்கு ஒன்று, பதில் மனுவுக்கு இரண்டு, கடிதங்களுக்கு மூன்று. கட்டைவிரலால் தடவிக் கண்டுபிடித்துவிடுவார். பக்கம் திருப்ப மறந்தால் பின்னால் உட்கார்ந்திருக்கும் நான் இருமுவேன். அந்த மூன்று வருஷத்தில் எனக்குக் காசநோய் என்று கோர்ட்டில் ஒரு பேச்சு இருந்தது. மலாய்க் காவலர் ஒருவர் என்னைத் தனியே கூப்பிட்டு, அரசாங்க ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கக் காசு கேட்பதில்லை என்று அன்பாகச் சொன்னார்.

காலையில் வாசிக்காத தாள் ஒன்றைக் கோர்ட்டிலேயே நீட்டினால் என்ன செய்வது? அதற்கும் வழி வைத்திருந்தார். அதுவரை ஆங்கிலத்தில் நடந்துகொண்டிருந்த கோர்ட்டுகள் மலாய்க்கு மாறிக்கொண்டிருந்த நேரம். புதிதாக வரும் தாள்கள் பெரும்பாலும் மலாயில் இருக்கும். அதை வாங்கியதும் முகத்தைச் சுளித்து, பின்னால் என் பக்கம் நீட்டிவிடுவார். "மன்னிக்க வேண்டும். எனக்குத் தெரிந்ததெல்லாம் பாசார் மலாய், சந்தைப் பேச்சு. என் கிராணி வாசித்துச் சொல்லட்டும்." நான் அவர் காதருகே குனிந்து வாசிப்பேன்.

சின்ன வயசு வக்கீல்கள் சிரிப்பார்கள். இந்த நாட்டிலேயே பிறந்து, இந்த நாட்டுச் சோற்றைத் தின்று, அறுபது வயதில் மலாய் வாசிக்க வராதா என்று காதுபடவே பேசுவார்கள். உண்மையில் அவர் மலாய் என் மலாயைவிட நூறு மடங்கு சுத்தம். தைப்பிங்கில் மலாய்ப் பையன்களோடு பந்து விளையாடி வளர்ந்தவர். பக்கத்தில் யாரும் இல்லாதபோது வாசல் காவலரோடு மலாயில் பேசிச் சிரிப்பார். அது சந்தையில் மீன் வாங்குகிற மலாய் இல்லை.

"மலாய் வராது எண்டால் திமிர் பிடிச்ச கிழவன் எண்டு சொல்லுவினம்," என்றார் ஒருமுறை. "பரவாயில்லை. திமிர் பிடிச்ச கிழவனிட்ட வழக்குக் குடுப்பினம்."

வீட்டில் ஆள் இல்லை. மகனிடமிருந்து மாதம் ஒரு கடிதம். அதையும் நான்தான் வாசிக்க வேண்டும். அவருக்கு மிச்சமிருந்தது தொழில் ஒன்றுதான். அதுவும் பின்வரிசையில் நான் உட்காரும் நாற்காலியை நம்பி நின்றது.

ஆகவே நேர்முகக் கடிதம் வந்த அன்றே கோர்ட் நாட்குறிப்பைத் திறந்து பார்த்தேன். அந்தப் புதன்கிழமை காலியாக இருந்தது. அப்புறம்தான் எனக்குப் பல் வலித்தது. வெள்ளிக்கிழமை காலை வாசிக்கும்போது நடுநடுவே 'ஸ்ஸ்' என்று காற்றை உறிஞ்சினேன். வலது தாடையைக் கையால் தாங்கிக்கொண்டேன். அரைமணி கழித்துத்தான், பார்க்க முடியாத மனிதருக்கு முன்னால் தாடையைப் பிடித்துக்கொண்டு நடிக்கிறேன் என்பது உறைத்தது.

"பல்லோ?" என்றார்.

"ஆமா சார். புதன்கிழம புடுங்கறதுக்கு டைம் குடுத்திருக்காங்க."

"புதன் எங்களுக்கு ஒண்டும் இல்லைத்தானே?"

"ஒண்ணும் இல்ல சார்."

"போய்ட்டு வாரும்."

திங்கட்கிழமை மாலை கோர்ட்டிலிருந்து தாக்கீது வந்தது. பாலிக் புலாவில் இருந்த ஒரு டுரியான் தோப்புக்காக இரண்டு சீனச் சகோதரர்கள் இரண்டு வருஷமாக வழக்காடிக்கொண்டிருந்தார்கள். அண்ணன் எங்கள் கட்சிக்காரர். அந்த வருஷம் பழம் சீக்கிரமே விழ ஆரம்பித்துவிட்டது. டுரியான் கோர்ட் தேதி பார்த்து விழாது. விழுந்ததை உரியவன் பொறுக்காவிட்டால் பொறுக்க வேறு ஆள் வந்துவிடுவான். எனவே தம்பி அவசர மனு போட்டிருந்தார். விசாரணை புதன்கிழமை, காலை பத்தரை.

கீழே கோப்பிக் கடையில் இருந்த காசு போட்டுப் பேசும் தொலைபேசியிலிருந்து ஆலைக்குப் பேசினேன். வேறு நாள் தர முடியுமா என்று கேட்டேன்.

"கே.எல். ஹெட் ஆபீஸ்லேர்ந்து பெரியவங்க வர்றாங்க லா. அன்னிக்கி ஒரு நாள்தான்," என்றது ஒரு பெண் குரல். "வரலன்னா சொல்லுங்க, பேர அடிச்சிடறேன். அடிக்கட்டுமா?"

"வேணாம் வேணாம். வர்றேன்."

மேலே போய் முதலாளியிடம், "சார், பல்ல அடுத்த வாரம் பாத்துக்கறேன்" என்றேன். சொல்லும்போதே, அவர் சரி என்று சொல்லிவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டேன். அது குரலில் தெரியாமல் சொல்ல எனக்குச் சாமர்த்தியம் இல்லை.

"தோப்புக் கதை முழுக்க எனக்குத் தெரியும்," என்றார். "பதில் சொல்ல ரெண்டு கிழமை தவணை கேட்டால் பத்து நிமிஷத்தில முடிஞ்சுது. டைப்பிஸ்ட் பிள்ளை கோர்ட் வாசல் வரைக்கும் வருவா. வலிக்கிற பல்லை வச்சுக்கொண்டு நீர் என்ன செய்யப் போறீர்? போம்."

நான் இன்னொரு தடவை மறுத்துப் பேசியிருக்கலாம். அவர் 'இரும்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இரண்டு பேருமே மரியாதை தெரிந்தவர்கள்.

மனது கேட்காமல் செவ்வாய்க்கிழமை காலை கோர்ட் மொழிபெயர்ப்பாளரைப் போய்ப் பார்த்தேன். தமிழர். என்னைப் போல பட்டர்வொர்த் பக்கம் பாகான் டாலாம் ஊர்க்காரர். பத்து வயது மூத்தவர். கேட்ட உதவிக்கு மேல் ஒரு பிடி கூடச் செய்கிறவர் என்று எங்கள் தெருவில் பெயர்.

"அண்ணே, நாளைக்கி நான் இல்ல. எங்க லோயருக்குக் கேஸ் இருக்கு. அந்தப் பக்கம் மலாய்ல ஏதாச்சும் பேப்பர் நீட்டுவாங்க. கொஞ்சம் கிட்டப் போயி வாசிச்சுக் காட்டிடுங்களேன்."

"இன்னுமா மலாய் படிக்கல அவரு? நைட் ஸ்கூலுக்கு அனுப்புய்யா."

"வயசாயிடிச்சுண்ணே. இனிமே எங்க படிக்கறது."

"சரி, நான் பாத்துக்கறேன். நீ எங்க போற?"

"பல்லு புடுங்க."

"எந்தப் பல்லு? காட்டு." வாயைத் திறந்து காட்டினேன். உண்மையாகவே குனிந்து உள்ளே பார்த்தார். "கறுத்துப் போயிருக்கு தம்பி. புடுங்கறதுதான் நல்லது."

முதலாளியின் கண்ணைப் பற்றி அவரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் வெளியே விடமாட்டார். ஆனால் மூன்று வருஷமாக நான் மட்டுமே கட்டிக் காத்த ரகசியம் அது. ஒரு கிராணியின் வாழ்க்கையில் பெருமைப்பட அதிகம் கிடைப்பதில்லை. பாசார் மலாய் என்ற பொய்யையே அவரிடமும் கொடுத்துவிட்டு, பொறுப்பாக ஏற்பாடு செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டு வந்தேன்.

புதன்கிழமை காலை கல்யாணத்துக்குத் தைத்த கால்சட்டையைப் போட்டுக்கொண்டு ஃபெரி ஏறினேன். அந்த நேரத்தில் தீவிலிருந்து போகும் ஃபெரியில் கூட்டம் இருக்காது. எல்லோரும் எதிர்ப்பக்கமிருந்து வேலைக்கு வருகிறவர்கள். எங்களைத் தாண்டிய ஃபெரியில் தெரிந்த முகம் ஏதாவது இருக்குமோ என்று செய்தித்தாளை உயர்த்திப் பிடித்துக்கொண்டேன். தலைகீழாகப் பிடித்திருந்தது கரையில் இறங்கும்போதுதான் தெரிந்தது.

ஆலையில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் சீனர், ஒருவர் தமிழர். அறை முழுக்கப் பனைக்குலை வேகிற வாடை. இப்போதைய வேலையை ஏன் விட வேண்டும் என்று தமிழர் கேட்டார். குடும்பம் இந்தப் பக்கம் என்றேன்.

"நீங்க இங்க வந்தது உங்க முதலாளிக்குத் தெரியுமா?"

"தெரியாது சார்."

"நீங்க போயிட்டா அவருக்குச் சிரமமா?"

"கொஞ்சம் சிரமந்தான் சார்."

"எல்லாரும் அப்படித்தான் நெனச்சுக்கறோம்," என்று சிரித்தார். சீனரும் சிரித்தார். நானும் சிரித்தேன்.

பிறகு இரண்டு பக்க ஆங்கிலக் கடிதம் ஒன்றைக் கொடுத்து வாசிக்கச் சொன்னார்கள். வாசித்தேன். முதல் பத்தி முடிந்ததும் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எனக்குக் காரணம் புரியவில்லை; நன்றாக வாசிக்கிறேன் போல என்று உற்சாகமாகத் தொடர்ந்தேன். "முற்றுப்புள்ளி. இங்கே பக்கம் முடிகிறது" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, அவர்கள் திருப்புவதற்காகக் காத்திருந்தேன்.

"யாருக்குங்க இப்படி வாசிப்பீங்க?" என்றார் தமிழர்.

முகம் சுட்டது. "பழக்கமாயிடிச்சு சார். எங்க லோயர் அப்படித்தான் கேப்பாரு."

"ரொம்பக் கண்டிப்பானவரோ?"

"ஆமா சார்."

சுவர்க் கடிகாரத்தில் பதினொன்றாக ஐந்து நிமிஷம் இருந்தது. இதற்குள் தவணை வாங்கிக்கொண்டு வெளியே வந்திருப்பார் என்று கணக்குப் போட்டேன். அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து வர முடியுமா என்று சீனர் கேட்டார். முடியும் என்றேன்.

பள்ளிக்குப் போய் வேலிக்கு வெளியே நின்றேன். வகுப்பை விட்டு வந்தவள் என் முகத்தைப் பார்த்தே, "கெடச்சிடிச்சா?" என்றாள். தலையாட்டினேன். சாக்பீஸ் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மீசை வைத்தது போல வாயைச் சுற்றி வெள்ளை. அவள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியாமல் ஐந்து நிமிஷம் நின்றோம். அந்த நாளில் எனக்குக் கிடைத்த நல்ல நேரம் அதுதான்.

திரும்பும் ஃபெரியில் ஒரு துண்டுப் பஞ்சை வலது கன்னத்தில் அடக்கிக்கொண்டேன். தீவில் இறங்கியதும் நேராக லைட் ஸ்ட்ரீட் கோர்ட்டுக்கு நடந்தேன். மணி நான்கு. மொழிபெயர்ப்பாளர் கோர்ட் தாழ்வாரத்தில் தனியாக நின்று சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார். பல்லைப் பற்றி அவர் கேட்கவில்லை.

"தம்பி, உங்க லோயருக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லையா?"

"ஏண்ணே?"

"அந்த மனு நேத்து மத்தியானமே எங்க கைக்கு வந்திடிச்சு. ஒரே ஒரு பக்கம். நான் யோசிச்சேன். எல்லாரும் பாக்க நான் போயி அவர் காதுல மலாய வாசிச்சா, அந்த மனுசனுக்கு அசிங்கமா இருக்காது? சின்னப் பசங்கள்லாம் சிரிக்கறானுங்க. அதான் சாப்பாட்டு நேரத்துல உக்காந்து, முழுசா இங்கிலீஷ்ல மாத்தி, நானே டைப் பண்ணிக் கொண்டுபோயி வெச்சேன். மாஜிஸ்திரேட்டுக்கு ஒண்ணு, உங்க லோயருக்கு ஒண்ணு."

நான் பஞ்சை வாயிலிருந்து எடுத்துவிட்டேன்.

நடந்தது இதுதான். எதிர்த்தரப்பு மலாய்த் தாளை நீட்டியது. முதலாளி வழக்கம் போல முகத்தைச் சுளித்தார். பாசார் மலாய் என்றார், கிராணி விடுப்பில் இருக்கிறார் என்றார், இரண்டு வாரம் தவணை கேட்டார். மாஜிஸ்திரேட் இளைஞர், மலாய்க்காரர், நல்ல மரியாதை உள்ளவர். 'அதற்கு அவசியம் இல்லை, உங்களுக்காகவே ஆங்கிலத்தில் தயாரித்திருக்கிறார்கள். பழம் இரண்டு வாரம் காத்திருக்காது. நான்காவது பத்தியை மட்டும் வாசித்துவிட்டு உங்கள் பதிலைச் சொன்னால் போதும்' என்றார். மொழிபெயர்ப்பாளர் தன் கையாலேயே தாளைக் கொண்டுபோய்க் கொடுத்தார்.

"வாங்கினாரு. என்னத்தையோ தேடற மாதிரி மூலையத் தடவிக்கிட்டே இருந்தாரு. அப்புறம் வாசிச்சாரு தம்பி. நல்லா, சத்தமா. என்னா இங்கிலீஷ் அது!" அவர் சிகரெட்டைக் கீழே போட்டு மிதித்தார். "ஆனா நான் டைப் பண்ணது அது இல்ல."

அந்தப் பத்தியில் என்ன இருக்கும் என்று யூகித்து, யூகத்தை வாசித்திருக்கிறார். இந்தப் பருவத்துப் பழம் முழுவதையும் தம்பியே எடுத்துக்கொள்ள அனுமதி கேட்பதாக வாசித்திருக்கிறார். வாசித்துவிட்டு, தாளை மேஜையில் வைத்துவிட்டு, அதை எதிர்த்து ஐந்து நிமிஷம் வாதாடியிருக்கிறார். எதிர்த்தரப்பு வக்கீல் பாதி எழுந்தாராம். மாஜிஸ்திரேட் கையைக் காட்டி உட்காரச் சொன்னாராம். தன் முன்னால் இருந்த தாளையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு, ஒரு வார்த்தை குறுக்கிடாமல் கடைசி வரை கேட்டாராம். பிறகு நன்றி சொல்லி, பிற்பகலுக்குத் தள்ளிவைத்துவிட்டு, தன் அறைக்குக் கோப்பி குடிக்க வரும்படி அழைத்தாராம்.

"எறங்கி வந்து, கையப் புடிச்சு, அவரே கூட்டிக்கிட்டுப் போனாரு. அவர் கண்ணு தம்பி... அவர் கண்ணா?"

தலையாட்டினேன்.

"ஐயோ. நான் தப்புப் பண்ணிட்டேனா?"

"இல்லண்ணே," என்றேன்.

மறுநாள் ஏழரைக்குப் போனேன். எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். அறை முழுக்க டுரியான் வாடை. முந்தின நாள் பிற்பகல் சகோதரர்கள் இருவரும் சமாதானமாகிவிட்டார்கள். அண்ணன் மாடியேறி வந்து, மரியாதையாக இரண்டு பழத்தை வைத்துவிட்டு, மரியாதையாகத் தன் வழக்குக் கோப்பை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மாஜிஸ்திரேட் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் கோர்ட்டில் அப்போது பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். மாலைக்குள் லைட் ஸ்ட்ரீட் முழுவதும் தெரிந்துவிட்டது.

"பல் எப்பிடி?"

"புடுங்கியாச்சு சார்."

"எப்ப வேலை தொடங்கச் சொன்னவை?"

கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

"ஒரு மாசமா நீர் வாசிக்கிறதைக் கேக்கிறன். வாய் இஞ்ச வாசிக்குது, குரல் படியிறங்கிப் போகுது. மனிசி அங்க இருக்கிறா, பிள்ளை வரப் போகுது. எனக்குக் கண் ஒண்டுதான் இல்லை."

"மொதத் தேதி சார். ஆனா நான் போகல. வேணாம்னு எழுதிப் போட்டுடறேன்."

"விசர்க் கதை கதையாதையும். இனி இஞ்ச என்ன இருக்கு வாசிக்க?" மேஜையைக் கையால் துழாவினார். "அந்தத் தாள் இதில எங்கையோ கிடக்கு. நாலாம் பத்தியை வாசியும்."

எடுத்து வாசித்தேன். வழக்கு முடியும் வரை அண்ணனும் தம்பியும் வாரம் மாற்றி வாரம் பழம் பொறுக்கிக்கொள்ளலாம், காற்புள்ளி, முதல் வாரம் அண்ணனுக்கு, முற்றுப்புள்ளி.

"இன்னொருக்கா."

இன்னொரு முறை வாசித்தேன்.

"இதைத்தானே எங்கட ஆள் ரெண்டு வருஷமாக் கேட்டுக்கொண்டிருந்தவர்," என்றார். "ஓம் எண்டு ஒரு சொல்லு. அதைச் சொல்லிப்போட்டு இருந்திருக்கலாம்."

கண்ணாடியைக் கழற்றி, கைக்குட்டையால் நெடுநேரம் துடைத்தார். எதற்காகத் துடைக்கிறார் என்று எனக்குத் தெரியவில்லை.

"அந்த மொழிபெயர்ப்பாளரை ஆர் கேட்டது, இங்கிலீசில எழுதச் சொல்லி?"

கதவு சாத்தியிருந்தது. நாங்கள் இருவர்தான். "தெரியல சார். அவராவே செஞ்சிருப்பாரு," என்றேன்.

"நல்ல மனுசன். எனக்கு வெக்கமாப் போகக் கூடாதெண்டு செய்திருக்கிறான். நான் நன்றி சொன்னன் எண்டு போய்ச் சொல்லும்."

அன்று மதியமே போய்ச் சொன்னேன். மொழிபெயர்ப்பாளர் இரவெல்லாம் தூங்கியிருக்கவில்லை என்று முகத்தில் தெரிந்தது. "அப்படியா சொன்னாரு? கோவமில்லையா?" என்று இரண்டு தடவை கேட்டார். பிறகு, "நல்லவேள, நீ சொல்லிட்டுப் போன. இல்லன்னா அந்தப் பேப்பர யாருமே கவனிச்சிருக்க மாட்டாங்க" என்று என் தோளைத் தட்டினார். அவர் வாங்கிக் கொடுத்த கோப்பியைக் குடித்தேன்.

அலுவலகத்தை மூட மூன்று வாரம் பிடித்தது. கட்சிக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து கோப்புகளை எடுத்துப் போனார்கள். வராதவர்களுக்குக் கடிதம் எழுதினோம். எல்லோருமே உடம்பைப் பார்த்துக்கொள்ளும்படி சொன்னார்கள். ஆஸ்திரேலியாவிலிருந்து மகன் விமான டிக்கெட் அனுப்பியிருந்தார். அந்தக் கடிதத்தையும் வாசித்தேன். தினமும் ஏழரைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். தினமும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. மொழிபெயர்ப்பாளரிடம் சொல்லிவிட்டுப் போனது நான்தான் என்று சொல்ல ஒரு வாக்கியம் போதும்; மனதுக்குள் அதைக் காற்புள்ளியோடு எழுதிக்கூட வைத்திருந்தேன். ஒவ்வொரு நாளும் நாளைக்கு என்று தள்ளிப் போட்டேன்.

கடைசி நாள் வாசிக்க இருந்தது மின்சாரத்தைத் துண்டிக்கச் சொல்லி எழுதிய கடிதம் மட்டும்தான். நான்கு வரி. முற்றுப்புள்ளி சொல்லி முடித்தேன். அவர் கண்ணை மூடியபடியே உட்கார்ந்திருந்தார். கீழே காகிதக் கடையில் இரும்புக் கதவைத் திறக்கும் சத்தம் கேட்டது.

"வேற ஏதும் இருக்கோ?" என்றார்.

"ஒண்ணும் இல்ல சார்," என்றேன்.